வேண்டுமென்றே சொன்ன தப்பு

மீன்கடை யுவாசா அம்மாள் சிரிக்கவில்லை.

சிரிக்க வேண்டிய இடம் அது. அடியில் சூடேற்றி வைத்த கதகதப்பு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, பாதி உரித்த ஆரஞ்சைக் கையிலேயே மறந்துவிட்டு, இசோமுரா தன் மனசு படிக்கிற நிகழ்ச்சியைத் தானே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குளிர்கால மதியம் மங்கிக் கிடந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ மெத்தையைத் தட்டுகிற சத்தம், அடுக்களையில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம், கடற்பாசியும் உலர்மீனும் சேர்ந்து கொதிக்கிற வாசனை, எல்லாம் எந்த வியாழக்கிழமையும் இருப்பதுபோலத்தான் இருந்தன. டிவிக்குள் மட்டும் ஏதோ சரியில்லை.

பதிவு நடந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒசாகாவின் தென்மா சந்தையில் மீன் விற்கிற அந்த அம்மாளை எதிரே உட்கார வைத்து, அவள் முதன்முதலில் வளர்த்த நாயின் பெயரைச் சொன்னார், அவளுக்குப் பிடித்த பூவைச் சொன்னார். இரண்டும் காத்திருப்பு அறையில் டீ கொடுத்தபடி ஸ்டூடியோ ஆட்கள் பேச்சோடு பேச்சாகக் கறந்து வைத்திருந்த சமாச்சாரங்கள். அதற்குப் பிறகு கண்ணை மூடி, நெற்றியைத் தேய்த்து, ரொம்பக் கஷ்டப்படுகிறவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க விரல்ல இருக்கிறது உங்க அம்மாவோட மோதிரம். அம்மா இப்போ உயிரோட இல்ல" என்றார்.

"என்னது, எங்கம்மாவா?" என்று அவள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "நேத்து ராத்திரி கூட என்னை மாஜாங் ஆட்டத்துல தோக்கடிச்சிட்டுத்தான் சார் தூங்கப் போச்சு அந்தக் கிழம்!"

ஸ்டூடியோவே அதிர்ந்தது. நிகழ்ச்சியை நடத்துகிற நகைச்சுவைக்காரன் கஜிமோட்டோ தரையில் விழுந்து உருண்டான். "அடப்பாவி வாத்தியாரே! உசுரோட இருக்கிற பொம்பளையக் கொன்னுட்டீங்களே!"

இப்போது டிவியில் கஜிமோட்டோ உருளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். யுவாசா அம்மாள் மோதிரத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். மெதுவாக, ஆமாம் என்பதுபோல் தலையசைத்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைக் கேமரா பக்கத்தில் போய்க் காட்டியது. கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது.

"பாவம் இந்தம்மா" என்றபடி அவர் மனைவி மிட்சுயோ அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க அதை?"

"கண்டுபிடிக்கல. அது நான் வேணும்னே சொன்ன தப்பு."

"தப்புன்னா அவ ஏன் அழறா?" என்று கேட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி மிட்சுயோ உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தொழிலில் அப்படி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். எங்கோ எட்டிப் பார்த்திருக்கிறான் என்பார்கள். ஒரு இடத்தில் தடுக்கி விழுந்து, அசடு வழிந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறவனைத்தான் நம்புவார்கள். அதனால் இசோமுரா ஒவ்வொரு தடவையும் ஒரு தப்பை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு போவார். சரியானதைச் சொல்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. நல்ல தப்பு கிடைப்பதுதான் கஷ்டம். விருந்தாளிக்கு மறுக்கத் தெரிய வேண்டும், மறுக்கும்போது சிரிப்பு வர வேண்டும்.

அவர் ஒரிதாவுக்கு போன் செய்தார். டைரக்டரும் அவன்தான், வெட்டி ஒட்டுகிறவனும் அவன்தான்.

"அந்த மீன்கடை அம்மா பகுதியில கை வச்சியாப்பா?"

"ஒரு நொடி கூட வெட்டல சார். அதை எவன் வெட்டுவான்? அந்தம்மா அழுதப்போ கேமராக்காரனே கண்ணைத் துடைச்சிட்டு இருந்தான், நீங்க பாக்கலையா?"

"அவங்க சிரிச்சாங்க."

"யாரு?" என்றான் ஒரிதா. "சார், நல்லாத் தூங்குறீங்களா? ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க தப்பே விடமாட்டேங்கறீங்கன்னு ஜனங்க பேசிக்கிறாங்க. எல்லாம் ஏற்பாடுங்கறாங்க. எப்பவாவது ஒரு தடவை, சும்மா ஒரு பேச்சுக்கு, தப்பா ஒண்ணு சொல்லுங்களேன்."

இசோமுரா போனை வைத்தார். வயசாகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டால் போதுமா, மனசு கேட்க வேண்டாமா?

உண்மையில் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. டிவிக்கு வருவதற்கு முன்னால் பாதி ஆயுசை அவரும் மிட்சுயோவும் வெந்நீர் ஊற்று விடுதிகளிலும் கம்பெனி விருந்துகளிலும் கழித்தவர்கள். மிட்சுயோ கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பாள், இவர் கூட்டத்துக்குள் புகுந்து யாருடைய கைக்கடிகாரத்தையோ மூக்குக்கண்ணாடியையோ தூக்கிப் பிடித்து, "இது என்ன? சொல்லு பாப்போம்" என்பார். கேட்கிற விதத்திலேயே பதில் ஒளிந்திருக்கும். ஒரு வித்தையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஊர் ஊராக ஓட்டலாம். டிவி அப்படி இல்லை. பத்து வருஷம் மெருகேற்றிய வித்தையை ஒரே மதியத்தில் தின்றுவிட்டு, அடுத்த வாரத்துக்கு என்ன என்று கேட்கும். கொடுத்ததும் உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது. ரயிலில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கேமரா எதைப் பார்க்கக் கூடாதோ அதைப் பார்க்காதபடி திருப்பிவைக்கலாம், சொதப்பினால் வெட்டிவிடலாம். ஆனால் விடுதியில் சொன்ன பொய் மறுநாள் காலை மீன்சோற்றோடு மறந்துபோகும். டிவியில் சொன்னது மறப்பதில்லை. அது எங்கோ அப்படியே கிடக்கிறது.

அடுத்த பதிவு நாளில், ஒப்பனை நாற்காலியில் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்த கஜிமோட்டோவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"அந்த மீன்கடை அம்மா... நீ தரையில விழுந்து உருண்டியே, ஞாபகம் இருக்கா?"

"நானா? அழுவுற பொம்பளை முன்னாடியா?" கஜிமோட்டோ கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். "நான் மோசமானவன்தான் வாத்தியாரே, அதுக்காக அவ்ளோ மோசமா? எங்கம்மாவே செருப்பால அடிப்பா." பிறகு கொஞ்சம் குரலை இறக்கினான். "நிஜமாச் சொல்றேன், உங்க பக்கத்துல நிக்கவே சில நாள் பயமா இருக்கு. ஒரு தடவை கூட நீங்க தப்பாச் சொல்லி நான் பாத்ததில்ல."



வேலை முடிந்ததும் நேரே எடிட்டிங் அறைக்குப் போனார். ஜன்னல் இல்லாத சின்ன அறை, காப்பியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த நாற்றம், எந்நேரமும் மின்விசிறிகளின் முனகல். அன்று பதிவு செய்ததில் அந்த வாரமே ஒளிபரப்பாகப்போகிற பகுதியைப் போடச் சொன்னார். விருந்தாளி ஒரு டாக்சி டிரைவர். திரையில் இசோமுரா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இடது கை... ரெண்டு விரல் மடங்காது உங்களுக்கு" என்கிறார். டிரைவர் வாயெல்லாம் பல்லாகக் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் மடக்கி, விரித்து, பியானோ வாசிப்பதுபோல் ஆட்டிக் காட்டுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது.

"இது இருக்குல்ல?" இசோமுரா ஒரிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இங்க நான் தப்புத்தானே சொன்னேன்?"

"ஆமா சார். அருமையான தப்பு. முதல் தடவையாச் சொல்லியிருக்கீங்க, பட்டாசு மாதிரி இருக்கு."

அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் மிட்சுயோவுக்குப் பிடித்த பாசிப்பருப்பு இனிப்பு வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மதியம் இருவரும் சேர்ந்து டிவி பார்த்தார்கள். டிரைவர் வந்தார், உட்கார்ந்தார். இசோமுரா நெற்றியைத் தேய்த்தார், விரலைப் பற்றிச் சொன்னார். டிவிக்கு வெளியே இருந்த இசோமுரா, இதோ இப்போது சிரிப்பு வரும் என்று தன்னையறியாமல் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

சிரிப்பு வரவில்லை.

டிரைவர் இடது கையைத் தயங்கித் தயங்கித் தூக்கினார். மூன்று விரல்கள் மடங்கின. இரண்டு விரல்கள் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

"அந்தக் கையோட எப்படித்தான் வண்டி ஓட்டுறாரோ மனுஷன்" என்றாள் மிட்சுயோ, இனிப்பை மென்றுகொண்டே.

இசோமுரா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, சந்தைக்கு என்றார். மீன் வாங்கவா என்றாள். ஆமாம் என்றார்.

தென்மா சந்தையின் கூரை போட்ட தெரு முழுக்க ஈரமாக இருந்தது. யுவாசா அம்மாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, இடுப்பை வளைத்து வணங்கினாள்.

"அம்மாவைப் பத்தி..." என்று ஆரம்பித்தார். மேலே எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "எப்போ தவறினாங்க?"

"நான் பள்ளிக்கூடம் முடிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க சார். முகமே சரியா ஞாபகம் இல்ல. அந்த மோதிரம் ஒண்ணுதான். அன்னிக்கு நீங்க சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் ஆடிடுச்சு."

"நீங்க ரெண்டு பேரும் மாஜாங் ஆடுவீங்கன்னு..."

"மாஜாங்கா?" அவள் சிரித்தாள், ஆனால் அது அந்தத் தொடையைத் தட்டுகிற சிரிப்பு இல்லை. "எனக்கு அதெல்லாம் தெரியாது சார். யாரு சொல்லிக்குடுத்தா எனக்கு?"

கடைக்குள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில், கிழவிகள் உட்கார்ந்தால் முதுகு வலிக்காத மாதிரி, மெத்தை வைத்த ஒரு தாழ்ந்த நாற்காலி இருந்தது. மெத்தையின் நடுவில் குழி விழுந்திருந்தது. யாரோ தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி.

"அது யாரோட நாற்காலி?"

யுவாசா அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "தெரியல சார்" என்றாள். "அதைத் தூக்கிப் போடணும்னு தினமும் நினைக்கிறேன். ஏனோ மனசு வரமாட்டேங்குது."

அவர் மீன் வாங்காமலே திரும்பி நடந்தார். ஒரு ஆளைக் கொன்றிருக்கிறோம் என்று புரிந்தது. செத்தவளுக்கு அழக்கூட ஆளில்லாமல் கொன்றிருக்கிறோம். ஏன், எப்படி என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது; தெரிந்தது ஒன்றுதான். எடிட்டிங் அறையில் கிடக்கும்வரை தப்பு தப்பாகவே இருக்கிறது. ஒளிபரப்பாகி வீடு வீடாகப் போய், சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் அதைக் கேட்ட உடனே, அது என்றைக்கும் அப்படியே இருந்ததாக ஆகிவிடுகிறது.

ரயில் நிலையப் படிக்கட்டில் பாதி ஏறியபோதுதான் அடுத்த வாரம் என்ன வருகிறது என்பது ஞாபகம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

டாக்சி டிரைவர் வந்த அதே நாளில்தான் அதையும் பதிவு செய்தார்கள். ஒரே நாளில் இரண்டு வாரத்துக்குப் பதிவு செய்வது வழக்கம். நடுவில் கோட்டை மாற்றிக்கொண்டால் வேறு வாரம். அந்த இரண்டாவது பகுதியில் கஜிமோட்டோ இவருடைய மனசைப் படிப்பதாக ஒரு விளையாட்டு. கஜிமோட்டோவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தப்பு என்றால் நல்ல தப்பாக இருக்க வேண்டுமே என்று இசோமுராதான், எல்லாம் தெரிந்த இசோமுராதான், அவன் காதில் ஓதிக்கொடுத்தார். முந்தின நாள் மிட்சுயோவிடம் அனுமதிகூடக் கேட்டிருந்தார். "சொல்லிக்கோங்க, எனக்கென்ன, என்னை யாருக்குத் தெரியும்?" என்று அவளும் சிரித்தாள்.

கஜிமோட்டோ நெற்றியைத் தேய்த்து, கண்ணை உருட்டி, பேய்க்குரலில் சொன்னான்: "தெரியுது... தெரியுது... வாத்தியாருக்குப் பொண்டாட்டியே கிடையாது! மேடையில கண்ணைக் கட்டிட்டு உக்காந்திருந்தது வெறும் பொம்மை. வீட்டுல இவரே ரெண்டு குரல்ல பேசிக்கிறாரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இசோமுராவும் சிரித்தார்.

மறுநாளே ஒரிதாவைத் தேடிப் போனார். அவன் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தான். போனில் பிடித்தால், வந்ததும் பேசலாம் சார் என்றான். வந்து சேர்ந்தது புதன்கிழமை, ஒளிபரப்புக்கு முந்தின நாள். காலையிலிருந்து எடிட்டிங் அறை வாசலில் உட்கார்ந்திருந்த இசோமுரா அவனைக் கண்டதும் எழுந்து, இத்தனை வயசுக்கு மேல், தரையில் மண்டியிட்டு நெற்றியை வைத்தார்.

"ஐயோ சார், எழுந்திருங்க! என்ன இது, யாராவது பாத்தா..."

"அந்தப் பொண்டாட்டி ஜோக்கை எடுத்துடு. கஜிமோட்டோ என் மனசைப் படிக்கிற பகுதி மொத்தத்தையும் எடுத்துடு."

"அதுதான் சார் நிகழ்ச்சியிலேயே பெரிய சிரிப்பு!"

"வீட்டுல மனசு கஷ்டப்படறாங்கப்பா." நிஜத்தைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவான். "நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இனிமேலும் கேக்க மாட்டேன். அடுத்த வருஷம் நிகழ்ச்சி வேணாம்னாலும் போயிடறேன்."

ஒரிதா தலையைச் சொறிந்தான், பெருமூச்சு விட்டான், கடைசியில் உட்கார்ந்து வெட்டினான். வெட்டிய இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார் இசோமுரா. கஜிமோட்டோ தண்ணீர் குடிக்கிறான். உடனே அடுத்த விருந்தாளி வருகிறார். நடுவில் ஒன்றும் இல்லை. வெட்டி எடுத்ததையும் அழித்துவிடு என்றார், அழித்தான். மாஸ்டர் பிரதி ஒளிபரப்புப் பிரிவுக்குப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

வீட்டு வாசலில் மிட்சுயோவின் செருப்பு இருந்தது. வெளியே போக அவள் வைத்திருக்கிற கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"வந்துட்டேன்" என்றார்.

"வாங்க வாங்க. என்னங்க, முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" அவள் அடுக்களையிலிருந்து வந்து, சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை நீட்டினாள். அவர் துண்டோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் ஊறி விரல்நுனி சுருங்கிப்போன கை. முள்ளங்கி வாசனை அடித்தது. "அட விடுங்க, அடுப்புல இருக்கு" என்றாள், ஆனால் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

"இந்த வருஷத்தோட டிவி போதும்" என்றார் அவர். "ரெண்டு பேரும் எங்கயாவது வெந்நீர் ஊத்துக்குப் போலாம். வித்தை காட்ட இல்ல. சும்மா போய் உக்காந்துட்டு வரலாம்."

"ஆகட்டும், இது எத்தனாவது தடவை சொல்றீங்களோ" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போனாள். கைத்தடியின் டொக் டொக் சத்தம் மரத்தரையில் போய், அடுப்புக்கு முன்னால் நின்றது.

அவர் மேசைப் போர்வைக்குள் காலை நுழைத்துக்கொண்டார். இதமான சூடு முழங்கால் வரை ஏறியது. இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்த மூச்சை எல்லாம் ஒரே மூச்சாக விட்டார். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சாயங்காலச் செய்தி, வானிலை, மலைப்பக்கம் பனி பெய்யும் என்றார்கள். அடுக்களையிலிருந்து பானை மூடி அதிர்கிற சத்தமும் மிட்சுயோவின் குரலும் சேர்ந்து வந்தன. எதிர்வீட்டுக்காரி மெத்தையைத் தட்டுகிறேன் பேர்வழி என்று நம் வீட்டுத் துணி மேலெல்லாம் தூசி, முட்டை சாற்றில் நன்றாக ஊறிவிட்டது, முள்ளங்கிதான் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். இவர் பாட்டுக்கு ம்ம், ம்ம் என்றுகொண்டிருந்தார். இதுவல்லவா வாழ்க்கை என்று தோன்றியது.

செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. பல் பசை. பிறகு கார்.

பிறகு கஜிமோட்டோவின் முகம்.

"நாளை மதியம்!" என்று ஒரு குரல் கத்தியது.

முன்னோட்டம். அதை ஒரிதா செய்வதில்லை. விளம்பரப் பிரிவுக்காரர்கள் பதிவு முடிந்த அன்றே தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எப்போதும் அப்படித்தான். இது அவருக்குத் தெரியும். ஒரிதாவுக்கும் தெரியும். இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இருக்கிறதிலேயே பெரிய சிரிப்பைத்தான் எடுப்பார்கள்.

ரிமோட்டைத் தேடினார். போர்வைக்குள் இல்லை. ஆரஞ்சுத் தட்டு உருண்டது. திரையில் கஜிமோட்டோ நெற்றியைத் தேய்த்தான். கண்ணை உருட்டவில்லை. பேய்க்குரல் போடவில்லை. இரக்கத்தோடு, பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினான்.

"வாத்தியாருக்குப் பொண்டாட்டி கிடையாது. வீட்டுல இவரே ரெண்டு குரல்ல பேசிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை.

திரையிலிருந்த இசோமுரா தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று தலையசைத்தார்.

மருந்து விளம்பரம் வந்தது.

அவர் அசையாமல் இருந்தார். மூச்சு விடவும் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

"என்னங்க, தொட்டுக்கக் கடுகு விழுது வேணுமா?"

மிட்சுயோவின் குரல். அதே குரல்.

அட கடவுளே. இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கொஞ்சமா வை" என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவு? அப்புறம் மூக்குல ஏறிடுச்சுன்னு என்கிட்ட கத்தக் கூடாது."

சிரித்துக்கொண்டே திரும்பினார்.

அடுக்களையில் விளக்கு எரியவில்லை. வாசல் இருட்டாக இருந்தது. பானை மூடியின் அதிர்வு கேட்கவில்லை. முள்ளங்கி வாசனை இல்லை. பழைய சோற்றின் புளித்த வாசனை. மேசையில் ஒரு கிண்ணம். ஒரு ஜோடி குச்சி. சுவரில் கைத்தடி இல்லை.

"மிட்சுயோ?"

"சொல்லுங்க."

பக்கத்தில் கேட்டது. அடுக்களையிலிருந்து இல்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இல்லை. இன்னும் பக்கத்தில்.

"எங்க இருக்கே?"

"இங்கதாங்க."

டிவி அணைந்திருந்தது. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. மேசை தெரிந்தது. ஒரே ஒரு ஆள் தெரிந்தார். கிழவர்.

"ஏங்க அப்படி வெறிச்சுப் பாக்கறீங்க?" என்றாள் மிட்சுயோ.

கண்ணாடியில் கிழவரின் உதடு அசைந்தது.

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பல் உதட்டைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் பொத்தினார்.

உள்ளங்கைக்குள் சூடாக, ஈரமாக, அடைபட்ட குரலில் மிட்சுயோ கேட்டாள்:

"என்னங்க, ஏன் என் வாயைப் பொத்துறீங்க?"